நாலு காணும் என்றவனுக்கு

மச்சான்,

போன சனிக்கிழமை மில்லிக்கனில் நாம் வழமையாகப் போகிற பிளாசாக் கடையில் ரோல்ஸ் வாங்க வரிசையில் நின்றேன். பொரிக்கிற எண்ணெயின் மணமும் பனியில் நனைந்த ஜாக்கெற்றுகளின் மணமும் சேர்ந்து அடித்தன. நீ போன பிறகு அந்தப் பக்கமே போகாமல் இருந்தவன், அன்றைக்கு ஏனோ காரைத் திருப்பிவிட்டேன். கடைக்காரப் பிள்ளையின் தலைக்கு மேலே தொங்குகிற ரிவியில் கோட் சூட் போட்ட சில பேர் மேசையைச் சுற்றி இருந்து சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். ஆனாலும் கீழே ஓடிய எழுத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்போல்தான். பருவ முடிவில் நடக்கிற இறுதிச் சுற்றுக்குப் பன்னிரண்டு ரீம் போதாதாம். பதினாறு ஆக்குவதா, இருபத்து நாலே ஆக்கிவிடுவதா என்று கதை.

இருபத்து நாலு, மச்சான். நீ இருந்திருந்தால் கையில் இருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்திருப்பாய். நீ ரோல்ஸைக் கீழே வைத்தால் விஷயம் பெரிது என்று எனக்கும் தெரியும், உன் மனைவி றீற்றாவுக்கும் தெரியும். அவ உடனே எழுந்து குசினிக்குள் போய்விடுவா.

"அங்கிள், வழமை மாதிரியோ?" என்று கடைக்காரப் பிள்ளை கேட்டாள். நானும் ரிவியைப் பார்த்தபடியே ஓம் என்று சொல்லிவிட்டேன். காருக்குள் வந்து பையைத் திறந்தபோதுதான் மணம் மூக்கில் ஏறியது. பாதி மட்டன் ரோல்ஸ், பாதி மீன் ரோல்ஸ். மீன் ரோல்ஸ் நான் தொடுவதில்லை. அவ்வளவும் உன்னுடையவை. நீ இல்லாதது எனக்கு அன்றைக்குத்தான் வடிவாக உறைத்தது. செத்தவீட்டில் கூட அவ்வளவு உறைக்கவில்லை.

அடுத்த நாள் ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் பேஸ்மென்றில் நம் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிக் கொமிற்றியின் கூட்டம் இருந்தது. அங்கே நடந்ததை உனக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் எடுத்த எடுப்பில் சொல்லமாட்டேன். கதையை முதலில் இருந்து சொல்லாவிட்டால் உனக்குப் பிடிக்காது.

முதல் என்றால், இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நாம் இருந்த சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடம். ஒரு படுக்கையறை வீட்டில் ஒரு பட்டாளமே இருந்தோம். தெருவோரத்தில் யாரோ கழித்துவிட்ட ரிவி ஒன்றை நீயும் நானும் லிஃப்டில் ஏற்றிக்கொண்டு வந்தோம். முயல் காது மாதிரி இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருக்கிற அன்ரெனாவை யன்னலோரம் வைத்துத் திருப்பினால், ஏரிக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில் இருக்கிற பஃபலோ ரிவி நிலையங்கள் பிடிபடும். சனிக்கிழமை பகலில் அதில் வந்தது இந்த விளையாட்டு மட்டும்தான். நாம் இருவரும் கரையோரத்து ஊர்க்காரர். பந்து என்றால் காலால் உதைக்கிறது என்றுதான் வளர்ந்தோம். "இதென்ன ஃபுட்போல் மச்சான், ஒருத்தனும் காலால அடிக்கிறான் இல்லை" என்று நீ முதல் நாள் சொன்னாய். நடுவர் மஞ்சள் துணியை எறிந்தபோது, பாவம் மனுசன்ர முகம் துடைக்கிற லேஞ்சி விழுந்துபோச்சு என்று இரண்டு பேரும் கவலைப்பட்டோம். அது குற்றத்துக்கு எறிகிற துணி என்று விளங்கவே சில வாரம் எடுத்தது.

குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு அது பிறகு பழக்கமாகிப் போனது. சம்பளத்துக்கு விளையாடுகிற ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை நீ ஒருநாளும் மதிக்கவில்லை. "இது படிக்கிற பொடியள் மச்சான். தங்கட ஊருக்காக விளையாடுறாங்கள். ஊர் முழுக்க வந்து நிண்டு கத்துது பார்" என்பாய். பாண்ட் வாத்தியம் அடிக்கிற பிள்ளைகளைக் காட்டினால் கண் வெட்டாமல் பார்ப்பாய். இப்போது அந்தப் பொடியன்களும் காசு வாங்குகிறார்கள், வருசத்துக்கொரு கல்லூரி மாறுகிறார்கள். அதைக் கேட்டுத் தலையை மட்டும் ஆட்டினாய்.

முதல் பருவம் முடிந்தபோது நீ கேட்ட கேள்வி எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "அப்ப ஃபைனல் எப்ப?"

ஃபைனல் இல்லை. கட்டடத்தில் இருந்த அமெரிக்காக்காரர் ஒருவரிடம் விசாரித்து வந்து நான்தான் சொன்னேன். ஆளாளுக்கு ஒரு விழா ஆட்டம் ஆடிவிட்டுப் போவார்கள், பிறகு பத்திரிகைக்காரரும் பயிற்றுநர்களும் வோட்டுப் போட்டு ஆர் சம்பியன் என்று சொல்வார்கள். நீ கட்டிலில் இருந்து எழும்பி நின்றுவிட்டாய். "விளையாடாமல் வோட்டுப் போட்டோ? வோட்டுப் போட்டு ஆர் பெரிசு எண்டு முடிவெடுத்த நாட்டில இருந்துதானே மச்சான் நாங்கள் ஓடி வந்தனாங்கள்." அந்த அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அன்றைக்கு முழுக்க உர்ரென்றுதான் இருந்தாய்.

ஆகவே உன்னை மாற்றத்துக்கு எதிரி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வோட்டை விட்டு முதல் இரண்டு ரீமையும் மோதவிட்டபோது சந்தோசப்பட்டவன் நீ. இரண்டு நாலானபோது அதைவிடச் சந்தோசப்பட்டாய். அதற்கு மேல் வேண்டாம் என்று அதோடு நின்றுகொண்டாய். "நாலு காணும்." அதற்குப் பிறகு உன்னிடம் இருந்து நான் கேட்டது இந்த இரண்டு சொல்லைத்தான். நானோ அன்றைக்கே எட்டு வேண்டும் என்று தொடங்கிவிட்டேன். சென் ஜேம்ஸ் ரவுணை விட்டு இரண்டு பேரும் மில்லிக்கனில் வீடு வாங்கி, பிள்ளைகளைப் பெற்று, தலை நரைத்த பிறகு சனிக்கிழமை மத்தியானம் உன் வீட்டு பேஸ்மென்றில் இந்தச் சண்டைதான். எனக்கு அச்சகம் என்பதால் உனக்கு நல்ல வசதி. "உனக்கென்ன, போட்டி அட்டவணையில இன்னும் நாலு பெட்டி கூட அச்சடிக்கலாம்" என்பாய்.

"செப்ரெம்பரில தோத்தால் அது டிசம்பரிலயும் நோக வேணும்" என்பதுதான் உன் முதல் நியாயம். ஒவ்வொரு சனியும் சாவா வாழ்வா என்று இருப்பதால்தான் இந்த விளையாட்டைப் பார்க்கிறோம், பின்கதவு ஒன்றைத் திறந்துவிட்டால் முன்கதவில் யார் தட்டுவான் என்று கேட்பாய். நான் சின்னக் கல்லூரிகளைக் காட்டுவேன். எல்லா ஆட்டமும் வென்றாலும் தெரிவுக் குழு அவர்களைக் கணக்கில் எடுக்கவில்லையே, எட்டாக்கினால் அவர்களுக்கும் ஒரு வாசல் கிடைக்கும் அல்லவா என்பேன். அதற்கு நீ சொன்ன பதிலைத்தான் இன்றைக்கும் என்னால் முழுதாக முறியடிக்க முடியவில்லை. "கதவைத் திறந்தால் ஆர் உள்ளுக்கு வருவான் எண்டு நினைக்கிறாய்? சின்னவனோ? ரெண்டு மூண்டு தரம் தோத்த பெரியவன்தான் முதல் வருவான்."

நான் விடவில்லை. பெரியவன் வரட்டும், அவனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னவனுக்கும் கதிரை கிடைக்கும் என்றேன். பன்னிரண்டு ஆனபோது அதுதான் நடந்தது. பெரியவர்கள் கூட்டமாக வந்தார்கள், சின்னவன் ஒருவனும் வந்தான். இரண்டு பேரும் சரி. அதை ஒத்துக்கொள்ள இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை.

உன் இரண்டாவது நியாயம் முழங்கால். நீ எக்ஸ்ரே எடுக்கிற வேலைக்குப் படித்து ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு அது உன்னோடு ஒட்டிக்கொண்டது. "திங்கட்கிழமை காலமை வந்து பார். வரிசையா முழங்காலும் கணுக்காலும்தான். எல்லாம் சனி ஞாயிறு விளையாடினது" என்பாய். கடைசி ஆட்டத்தில் விளையாடுவது கால் இல்லை, வறட்டு மானம் என்பாய். ரிவியில் ஒரு பொடியன் விழுந்து எழும்பாமல் கிடந்தால் நீ பந்தைப் பார்க்கமாட்டாய். அவன் எந்தக் காலைப் பிடிக்கிறான் என்று பார்ப்பாய்.

இதெல்லாம் ரிவிக்கு முன்னால் மட்டும் என்றால் பரவாயில்லை. நம் சுற்றுப்போட்டிக்கும் அதையே கொண்டுவந்தாய். ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஸ்கார்பரோப் பூங்காவில், கரையோரத்து ஊர்ச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து நடத்துகிற உதைபந்தாட்டம். நான் தலைவர், நீ செயலாளர். முதலில் எட்டு ரீம்தான். பன்னிரண்டு ஆக்குவோம் என்று நான் கொண்டுவந்தபோது நீ எதிர்த்து வோட்டுப் போட்டாய், தோற்றாய். பன்னிரண்டு ரீமுக்கு ஒரு மைதானம் போதாது, பக்கத்தில் இன்னொன்று கோடு போட வேண்டும் என்று ஆயிற்று. அந்த வருசம் போட்டியன்று விடிய நான் பூங்காவுக்குப் போனால், எனக்கு முன்னால் நீ நிற்கிறாய். வெள்ளைக் கோடு போடுகிற மெசினைத் தள்ளிக்கொண்டு, நீ வேண்டாம் என்ற அந்த இரண்டாவது மைதானத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தாய்.

"எதிர்த்து வோட்டுப் போட்டவன் இவ்வளவு வெள்ளன வந்து என்ன செய்யிறாய்?" என்று கேட்டேன்.

"வோட்டு வேற, கோடு வேற. கோணலாப் போனால் ஆற்ற பேர் கெடும்? எங்கட பேர்தானே?" என்றாய். என்னை நூலின் மற்ற முனையைப் பிடிக்கச் சொன்னாய். நானும் பிடித்தேன்.

பன்னிரண்டு ரீமும் மூன்று மூன்றாக நாலு குழு. ஒவ்வொரு குழுவிலும் முதலாவதாக வருகிறவன் அரையிறுதிக்கு. இரண்டு ரீம் புள்ளியிலும் கோலிலும் சமன் என்றால் காசைச் சுண்டுவது, ஊரில் செய்தது போலவே. அதைப் பற்றி யாரும் யோசித்ததே இல்லை, அந்த மான் தலை வருசம் வரும் வரைக்கும். நீ கால் டொலர்க் குற்றியைச் சுண்டினாய். ஒரு கப்ரன் தலை என்றான். விழுந்தது தலை. ஆனால் மானின் தலை. "தலைதானே விழுந்தது" என்று அவன் துள்ளினான். "உது மான்ர தலை. இராணியின்ர தலைதான் தலை" என்று மற்றவன் சட்டையைப் பிடிக்கப் போனான். ஊரில் தலையோ பூவோ என்று கேட்டுப் பழகிய வாய்கள். இந்தக் காசில் ஒரு பக்கம் இராணி, மறுபக்கம் மான், பூ என்று ஒன்றே இல்லை என்று இத்தனை வருசம் இந்த நாட்டில் காசு மாற்றிய எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. இரண்டு ஊரும் மைதானத்துக்குள் இறங்கிவிட்டன. பழைய கோயில் திருவிழாச் சண்டைகள் எல்லாம் கிளம்பி வந்தன.

நீ அந்தக் காசைப் புல்லில் இருந்து எடுத்தாய். பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டாய். "ரெண்டு பேரும் போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்கோ. பத்து நிமிசம் விளையாடுங்கோ. கோல் அடிக்கிறவன் அரையிறுதிக்கு வரட்டும்" என்றாய். அரையிறுதி காத்துக்கொண்டு நின்றது. அந்தப் பத்து நிமிடத்தைப் பார்த்த அளவுக்குச் சனம் அன்றைக்கு ஃபைனலைக்கூடப் பார்க்கவில்லை. அதோடு காசு சுண்டுகிற பழக்கம் நம் போட்டியில் ஒழிந்தது.

"நாலை அஞ்சாக்கிப்போட்டாய்" என்று நான் அன்றே உன் காதில் சொன்னேன்.

"உது விரிவாக்கம் இல்லை. நியாயம்."

"எல்லா விரிவாக்கமும் அப்பிடித்தான் மச்சான் துவங்குது" என்றேன். அதற்குப் பிறகு வந்த எல்லாச் சனிக்கிழமையும் நீ நாலு காணும் என்றால் நான் மான் தலை என்பேன். நீ என் தட்டில் இருக்கிற ரோல்ஸை எடுத்துக்கொண்டு போய்விடுவாய்.

போன வருசம் அமெரிக்காக்காரன் பன்னிரண்டு ரீமோடு முதல்முறை நடத்தினான். பார்க்கவே மாட்டேன் என்று சபதம் செய்தாய். மார்கழியில் முதல் ஆட்டம் தொடங்க முதலே நான் உன் பேஸ்மென்றுக்கு வந்தால் நீ சோபாவில் போர்வையோடு இருக்கிறாய். பொதுவான மைதானத்தில் அல்லாமல் கல்லூரி ஒன்றின் சொந்த மைதானத்தில் ஆட்டம். வாயில் இருந்து புகை பறக்கிற குளிர். ஊர் முழுக்க வந்து நின்று கத்துகிறது. பாண்ட் வாத்தியப் பிள்ளைகள் கையுறை போட்டுக்கொண்டு அடிக்கிறார்கள். நீ மீன் ரோல்ஸின் இரண்டு முனையையும் முதலில் கடித்துவிட்டு நடுத்துண்டைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு சொன்னாய், "வடிவாத்தான் இருக்கு மச்சான். ஆனால் பிழை."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. உன்னிடம் இருந்து அதற்கு மேல் வராது என்று எனக்குத் தெரியும். அதுவே எனக்கு வெற்றி மாதிரி இருந்தது. அதுதான் நாம் சேர்ந்து பார்த்த கடைசிப் பருவம். பங்குனியில் ஒரு காலை, வேலைக்குப் போக சப்பாத்துப் போடக் குனிந்தவன் எழும்பவில்லை என்று றீற்றா போன் பண்ணினா.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

உன் மகள் ஷெரினும் இப்போது கொமிற்றியில் இருக்கிறாள். நீ இருந்த செயலாளர் கதிரையில் அவளைத்தான் இருத்தியிருக்கிறோம். ரெக்ஸ்டேல் பொடியன்களின் ரீமுக்கு அவள்தான் பயிற்றுநர். தாய் தகப்பனின் ஊருக்கு இங்கே சங்கம் இல்லாத பிள்ளைகளைச் சேர்த்து அவள் கட்டிய ரீம் அது. நீ இல்லாமல் நடந்த இந்த ஆடி மாதப் போட்டிக்கு அவர்கள் நகரத்தின் அந்தத் தொங்கலில் இருந்து விடியவே வந்தார்கள். ஒரு ஆட்டத்தை வென்றார்கள், ஒன்றைச் சமன் செய்தார்கள். ஒரு கோல் குறைவு என்று மத்தியானத்துக்கு முதலே வீட்டுக்குப் போனார்கள். தோற்காமலே போனார்கள், மச்சான்.

ஷெரின் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டாள். ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு ரீமையும் எடுத்து எட்டாக்குங்கள் என்றாள். "ஐ ஆம் நொட் ஆஸ்கிங் எ ஃபேவர், அங்கிள். என்ர பொடியள் தோக்கேல்லை. ஸ்டில் தே வென்ட் ஹோம். இந்த முறையும் நாலு எண்டால் அவங்கள் வேற லீக்குக்குப் போயிடுவாங்கள். நான் தடுக்கமாட்டன்." உன்னைப் போலவே பேசுகிறபோது பேனாவை மேசையில் தட்டிக்கொண்டிருந்தாள்.

நம் பொருளாளர் அந்தோனி அண்ணை எழும்பினார். நல்ல மனுசன், உன்னில் உயிர். "அவன் இருக்கும் வரைக்கும் நாலுதான் எண்டவன். அவன் போய் ஒரு வருசம்கூட ஆகேல்லை. அவன்ர நினைவுக்கெண்டாலும் நாலாவே இருக்கட்டும்" என்றார். சபையில் பாதித் தலைகள் ஆடின. சிலருக்குக் கண் கலங்கியது. ஷெரின் கதிரையில் இருந்துவிட்டாள். தகப்பனின் பெயரைச் சொல்லி மகளின் வாயை அடைத்தால் அவள் என்ன செய்வாள்? வோட்டெடுத்தார்கள். சரிபாதியாக நின்றது. எல்லோரும் தலைவர் என்று என்னைப் பார்த்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. உண்மையாகச் சொல்கிறேன், நல்ல கோபம். உன்னை ஒரு இலக்கமாக்கிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப் பார்த்தார்கள். நீ நாலு என்றது நாலின் மேல் இருந்த ஆசையால் இல்லை. அதற்குப் பின்னால் உன்னிடம் நியாயம் இருந்தது. அந்த நியாயம் அந்த அறையில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை, இத்தனை வருசமாக அதை எதிர்த்துக் கத்திய எனக்கு மட்டும்தான் பாடமாக இருந்தது. ஆகவே எழும்பி உன் பக்கத்தைப் பேசினேன். காலையில் தோற்றாலும் மத்தியானம் வரலாம் என்றால் காலை ஆட்டத்தில் ஆர் ஓடுவான் என்று கேட்டேன். ஒரே நாளில் அஞ்சாவது ஆட்டம் ஆடுகிற முழங்காலைத் திங்கட்கிழமை எந்த ஆஸ்பத்திரியில் படம் எடுப்பார்கள் என்று கேட்டேன். கதவைத் திறந்தால் சின்னவனுக்கு முன்னால் தோற்ற பெரியவன் நுழைவான் என்றேன். நன்றாகத்தான் பேசினேன். எட்டுக்கு வோட்டுப் போட்ட ஒருவர் எழும்பி, அப்ப நாலே சரி போலிருக்கு என்று சொல்லிவிட்டார்.

ஷெரினுக்கு முகம் சிவந்துவிட்டது. "அங்கிள், வட் ஆர் யூ டூயிங்? நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்க இருந்து எங்கட பேஸ்மென்றில எட்டு எட்டு எண்டு கத்தினது நீங்கள்தானே?"

"ஓம் பிள்ளை. இப்பவும் எட்டுத்தான்" என்றேன். "ஆனால் உங்கட அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எட்டுக்குப் போனால் அது நியாயம் இல்லை."

பிறகு என் பதிலைச் சொன்னேன். எட்டு ரீம். ஆனால் ஒரே நாளில் இல்லை. குழு ஆட்டமும் காலிறுதியும் ஒரு சனி, அரையிறுதியும் ஃபைனலும் அடுத்த சனி. இப்போது ஃபைனலுக்குப் போகிறவன் ஒரே நாளில் ஓடுகிறதைவிடக் குறைவாகத்தான் இனி ஒரு நாளில் ஓடுவான். காலிறுதியில் சமன் என்றால் மேலதிக நேரமும் இல்லை, பெனால்ரியும் இல்லை. குழுவில் முதலாவதாக வந்தவன் மேலே போவான், இரண்டாவதாக வந்தவன் வென்றே ஆக வேண்டும். காலையில் ஓடியவனுக்கு அதுதான் மரியாதை. தோற்ற பெரியவன் உள்ளே வரலாம், ஆனால் சும்மா வரமுடியாது.

அந்தோனி அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உது ஆற்ற யோசனை?" என்று கேட்டார்.

"ரெண்டு பேரின்ரயும், அண்ணை. சண்டை பிடிச்சுப் பிடிச்சு வந்தது."

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, இரண்டாவது சனிக்கிழமைக்கும் நகரசபையிடம் பூங்காவுக்கு அனுமதி எடுக்க வேண்டுமே என்றார். பொருளாளர் அப்படிக் கேட்டால் ஒத்துக்கொண்டார் என்று அர்த்தம். திரும்ப வோட்டெடுத்தபோது என் வோட்டு தேவைப்படவில்லை.

கூட்டம் முடிந்து கதிரைகளை மடக்கிக்கொண்டிருந்தோம். முதல் நாள் வாங்கிய ரோல்ஸை நான் சூடாக்கிக் கொண்டுபோயிருந்தேன். உன் பங்கு மீன் ரோல்ஸை ஷெரின்தான் சாப்பிட்டாள், இரண்டு முனையையும் முதலில் கடித்துவிட்டு. சாப்பிட்டுக்கொண்டே மெல்லக் கேட்டாள்.

"அங்கிள், அப்பா இருந்திருந்தா இதுக்கு ஓம் எண்டிருப்பாரா?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பிள்ளை அதைத்தான் எதிர்பார்த்தாள். ஆனால் உன்னை எனக்குத் தெரியும்.

"இல்லைப் பிள்ளை. வடிவாத்தான் இருக்கு, ஆனால் பிழை எண்டிருப்பான். எதிர்த்து வோட்டும் போட்டிருப்பான். போட்டிட்டு, அண்டைக்கு விடிய எங்கள் எல்லாருக்கும் முதல் வந்து கோடு போட்டிருப்பான்."

அவள் சிரித்தாள். பிறகு அழுதாள். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம். அந்தோனி அண்ணை பார்க்காத மாதிரிக் கதிரைகளை அடுக்கினார்.

இன்றைக்குத் திரும்பவும் சனிக்கிழமை. இதை எழுதுகிற நேரம் ரிவியில் அதே கோட் சூட்டுக்காரர் இருபத்து நாலைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் தனியாக இருந்து அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உனக்குச் சொன்னால் நம்பமாட்டாய், நான் இருபத்து நாலுக்கு எதிர். பன்னிரண்டில் சின்னவனுக்கு ஒரு கதிரை கிடைத்தது. இருபத்து நாலில் கிடைக்கப்போவது தோற்ற பெரியவனுக்குத்தான். படிக்கிற பொடியன்களின் காலில் இன்னும் ஒரு ஆட்டத்தை ஏற்றுகிறார்கள், அதற்குப் பதிலாக அந்தப் பொடியனுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று ஒருவனும் சொல்கிறான் இல்லை. பார்த்தாயா, உன் வாய் எனக்கு வந்துவிட்டது. நீ இருக்கும்போது எனக்கு ஒரு பக்கம்தான் வேலை. இப்போது இரண்டு பக்கமும் நானே பேச வேண்டியிருக்கிறது, உன் பக்கத்தைப் பேசுகிறபோது நான் இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரன் போலவும் இருக்கிறது.

கோடு போடுகிற உன் மெசினைக் கேட்க மனம் வராமல் இந்த ஆடியில் வேறொன்றை வாடகைக்கு எடுத்தோம்; இப்போது றீற்றாவே அதை என்னிடம் தந்துவிட்டா. "அண்ணை, உங்களிட்டயே இருக்கட்டும்" என்றா. என் கராஜில், பனி வழிக்கிற சவளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. சக்கரத்தில் நீ கடைசியாகப் போட்ட வெள்ளை இன்னும் காய்ந்து ஒட்டியிருக்கிறது. அதை நான் கழுவவில்லை. வருகிற ஆடியில் போட்டிக்கு இரண்டு சனிக்கிழமை. நீ நிச்சயமாக எதிர்த்து வோட்டுப் போட்டிருக்கக்கூடிய அந்த இரண்டாவது சனிக்கிழமைக்கு, விடிய முதல் ஆளாய் நான் போய் நிற்பேன். நூலின் மற்ற முனையைப் பிடிக்க ஷெரின் வருகிறேன் என்றிருக்கிறாள். நேராகத்தான் போடுவோம், மச்சான். கோணலாய்ப் போனால் ஆற்ற பேர் கெடும் என்று எனக்குத் தெரியும்.